ஏழாவது ரவை

துவக்கை முதலில் கண்டெடுத்தது நான்தான்.

கிளென் வேவர்லியில் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீடு. மகள் குயின்ஸ்லாந்தில் இருந்தாள். அப்பாவின் சாமான் ஒன்றும் வேண்டாம், எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுங்கள் என்று செந்தூரன் அண்ணையிடம் சாவியைக் கொடுத்துவிட்டாள். வீடு காலிபண்ணுவதுதான் அவருடைய தொழில். இரண்டு வான்கள், வாசலில் இறக்கிவைத்த பெரிய இரும்புக் குப்பைத்தொட்டி, வேலைக்கு நானும் பவளராணி அன்ரியும். அன்ரி குசினியும் கக்கூசும் உரஞ்சுவா. மற்றதெல்லாம் என் முதுகு.

படுக்கையறை அலுமாரியில், கோட்டுகளுக்குப் பின்னால், பழைய கம்பளியில் சுற்றி நிமிர்த்தி வைத்திருந்தது. தூக்கியதுமே பாரம் கைக்கு என்னவென்று சொல்லிவிட்டது. கட்டிலில் கிடத்திக் கம்பளியை விலக்கிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.

"அண்ணை, இஞ்ச ஒருக்கா வாங்கோ. துவக்கு ஒண்டு கிடக்கு."

அங்கேதான் பிழை விட்டேன். அறையைச் சாத்திவிட்டு நேரே பொலிசுக்குப் போன் அடித்திருக்க வேண்டும். ஆனால் பதினொரு வருடமாக அந்த மனிதரிடம் கேட்டுக் கேட்டே ஒரு கதிரையைக்கூட நகர்த்திப் பழகிவிட்டேன்.

மீற் பை தின்றுகொண்டு வந்தார். துவக்கைக் கண்டதும் மிச்சத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை ஜீன்சில் துடைத்தார். மரப்பிடி, நீளக் குழல், விசைக்குக் கீழே விரல்கள் நுழைகிற இரும்பு வளையமாக ஒரு லீவர்.

"கவ்போய் துவக்கடா இது. தொப்பிதான் இல்லை. இந்தா, ஒரு படம் எடு." தன் போனை என்னிடம் நீட்டினார். துவக்கைத் தூக்கியபோது அதன் வாய் என் வயிற்றைக் கடந்து போனது. நான் விலகினேன்.

"வாயை நிலத்துக்குப் பிடியுங்கோ அண்ணை. உள்ளுக்கு என்ன கிடக்கெண்டு தெரியாது."

"ஓம் கொமாண்டர்" என்றார். சிரித்தார்.

அந்தப் பெயரை அவர்தான் எனக்கு வைத்தார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் தோளில் இருக்கும் தழும்பைப் பற்றிக் கேட்டார். நானும் விசரன் மாதிரிச் சொல்லிவிட்டேன். பதினேழு வயதில் இயக்கத்துக்காரர் வீட்டில் வந்து சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம். அதை இங்கே குடிவரவு நேர்காணலில் நான் சொல்லவில்லை. அதைப் பற்றி வாய் திறக்காதே, திறந்தால் திருப்பி அனுப்புவான் என்று படகில் வந்த எல்லோரும் ஒரே பாட்டாகச் சொன்னார்கள். நம்பினேன். இன்றைக்கும் தற்காலிகமான பிரிட்ஜிங் விசாதான். நான் மறைத்தது செந்தூரனுக்குத் தெரியும். ஞாயிறு வரமுடியாது என்றால், "கொமாண்டர், உங்கட கதையை ஆருக்கும் சொல்லவோ?" என்பார். பகிடிதான். ஆனால் நான் போவேன். இடுப்புப் பிடித்துக் கிடந்த கிழமையும் போய்ப் பியானோ தூக்கினேன்.

துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு குசினிப் பக்கச் சுவரைக் குறிபார்த்தார். படத்தை எடுத்தால் கீழே வைப்பார் என்று எடுத்தேன். வைக்கவில்லை. லீவரைக் கீழே இழுத்து மேலே அடித்தார். பித்தளை ரவை ஒன்று துள்ளிக் கம்பளத்தில் விழுந்து உருண்டது.

"பாத்தியே, ஒண்டுதான். இப்ப காலி. இந்தா, அடிச்சே காட்டுறன்."

என் கண் துவக்கின் அடிப்பக்கத்தில் மகசினைத் தேடியது. நான் பழகிய துவக்குகளில் வளைந்த பெட்டி ஒன்று கீழே தொங்கும். அதைக் கழற்றி ஒருதரம் இழுத்துவிட்டால் முடிந்தது. இதில் ஒன்றும் தொங்கவில்லை. சுடுகுழலுக்குக் கீழே, அதன் நீளத்துக்கே இன்னொரு குழாய் மட்டும் ஓடியது. விழுந்த ரவை எங்கேயிருந்து வந்தது? அவ்வளவு நீளக் குழாயை ஒற்றை ரவைக்காக எவன் செய்வான்? லீவரை இழுத்தபோது ஒன்று வெளியே வந்தது, மேலே அடித்தபோது அடுத்தது உள்ளே போயிருக்கும். துவக்கின் பின்பக்கச் சுத்தியலும் அடிக்கத் தயாராகச் சாய்ந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் அன்ரி அடுப்பு உரஞ்சும் சத்தம். வெறும் பிளாஸ்டர் சுவர். நான் எத்தனை வீட்டில் அதற்கு ஓட்டை அடைத்திருக்கிறேன், ஒரு குத்துக்கே உடையும்.

போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் குழலைப் பிடித்து நிலத்துக்கு அமத்தினேன்.

"விரலை எடடா."

பதினொரு வருடத்தில் முதல் தடவை அவரை டா போட்டேன். பயந்துபோய் விட்டுவிட்டார்.

கம்பளத்துக்குக் கீழே பலகைத் தரை, அடியில் வெறும் மண். வாயை அங்கேயே பிடித்தேன். விசை இருக்கும் பக்கம் விரலைக் கொண்டுபோகவே இல்லை. லீவரைப் பிடித்து, அதன் முழுத்தூரத்துக்கு மெதுவாகக் கீழே இறக்கினேன். இரண்டாவது ரவை வெளியே விழுந்தது. அவர் சுவரைக் குறிபார்த்தபோது உள்ளே இருந்தது அதுதான். மேலே கொண்டுவந்தேன், திரும்பவும் இறக்கினேன். மூன்று. நான்கு. அரைவாசியில் நிறுத்தினால் சிக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கடைசிவரை இழுத்தேன். ஐந்து. ஆறு. அடுத்த இழுவைக்கு ஒன்றும் வரவில்லை.

"முடிஞ்சுது. காணும், போதும்" என்றார்.

காணாது. கிழவரின் வயதுக்குக் குழாய்க்குள் ரவையைத் தள்ளும் சுருள்வில்லும் கிழடு. துவக்கைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுத் திரும்ப இழுத்தேன். ஏழாவது வந்து என் சப்பாத்தில் விழுந்தது. பிறகு மூன்று தரம் வெறுமனே இழுத்தேன். லீவரைத் திறந்தபடியே விட்டு, என் போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தேன். சின்ன விரலை விட்டு ரவை இருக்கும் குழியைத் தடவினேன். வெறும் இரும்பு. துவக்கைத் திறந்தபடி கட்டிலில் வைத்து, ரவைகளைப் பொறுக்கிக் கிழவரின் தேயிலைத் தகர ரின்னுக்குள் போட்டேன். நிமிர்ந்தபோதுதான் கண்டேன். கட்டிலில் எறிந்த தன் போனை எடுத்து வீடியோ எடுத்துக்கொண்டு நின்றார்.

"கை மறக்கேல்லை என்ன" என்றார். "சரி, உந்தத் துவக்கைக் கம்பளியில சுத்து. நான் வீட்ட கொண்டுபோறன்."

"பொலிசுக்குச் சொல்லவேணும்."

"சொல்லு. அவங்கள் வந்தா நான் இந்த வீடியோவைக் காட்டுறன். குடிவரவுக்காரனுக்கு வேற என்ன வேணும்? சுத்தடா."

அப்போதுதான் அன்ரி வாசலில் நின்றதைப் பார்த்தேன். முழங்கை வரை கரி.

"துவக்கை எந்தப் பக்கம் பிடிச்சவர்?" என்று என்னிடம் கேட்டா.

சுவரைக் காட்டினேன். அன்ரி சுவரைப் பார்த்தா.

"நான் அங்கால தலையை அடுப்புக்குள்ள விட்டுக்கொண்டு நிண்டனான்."

"அன்ரி, ஒண்டும் நடக்கேல்லை. நீங்கள் போய் உங்கட வேலையைப் பாருங்கோ" என்றார் செந்தூரன்.

"என்ர வேலை நடந்த இடத்தைத்தான் நீ குறி பாத்தனி." பிறகு என் பக்கம் திரும்பினா. "தம்பி, அடி பொலிசுக்கு. எனக்கு இங்கிலீசு காணாது, இல்லாட்டி நானே அடிச்சிருப்பன்."

எண்ணை அழுத்தினேன். பயம்தான். ஆனால் பதினொரு வருடம் இவனுக்கு நடுங்கியதை நினைக்க வந்த ஆத்திரம் அதைவிடப் பெரிது.

அரை மணித்தியாலத்தில் இரண்டு பேர் வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண். அந்தப் பெண் திறந்து கிடந்த லீவரைப் பார்த்தாள், தானும் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், ரின்னில் ரவைகளை எண்ணினாள். தொட்டிருக்கக்கூடாது, விட்டுவிட்டு எங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும் என்றாள். பிறகு, சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள், யார் செய்தது என்று கேட்டாள்.

"இவர்தான்" என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னான் செந்தூரன். "இவருக்கு இதில் அனுபவம் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணால் கெஞ்சுவேன் என்று காத்துக்கொண்டு நின்றான்.

"எங்கே பழகினீர்கள்?" என்றாள்.

"சிறிலங்காவில்" என்றேன். "யுத்த நேரம். பதினேழு வயது. பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாதம்."

எழுதினாள். என் பெயரின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். ஜசிந்தன். எழுதி முடிக்கும்வரை அவளுடைய பேனையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

செந்தூரனின் முகம் இறங்கிவிட்டது. கையில் வேறொன்றும் மிஞ்சவில்லை. "வீடியோவும் இருக்கு" என்று போனை நீட்டினான். அவள் வீடியோவைக் கடைசிவரை பார்த்தாள்.

"அதுக்கு முந்தின படத்தையும் பாருங்கள்" என்றேன்.

விரலால் தள்ளினாள். தோளில் துவக்கு, விசையில் விரல், முகத்தில் இளிப்பு. நான் எடுத்த படம்.

"இது நீங்களா?" என்று அவனைக் கேட்டாள். பிறகு, "இந்தச் சுவருக்கு அங்கால் என்ன இருக்கிறது?"

அவன் வாய் திறக்க முதல் அன்ரிக்கு விளங்கிவிட்டது.

"கிச்சின்" என்றா. கரிக்கையைத் தன் நெஞ்சில் வைத்தா. "மீ."

அந்தப் பெண் அவனை வெளியே வரச் சொன்னாள். வாக்குமூலம், முகவரி, எல்லாம் பொலிஸ் காருக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தார்கள். திரும்பி வந்தவன் நேரே என்னிடம் வந்தான்.

"உன்ர விசாவும் போச்சு இனி. முடிஞ்சுது."

"முடியலாம். திங்கக்கிழமை என்ர லோயரிட்ட நானே போய்ச் சொல்லப்போறன். இனி அந்தக் கதையை வைச்சு என்னை ஞாயிறுகளில கூப்பிடாத."

கிழவரின் இரட்டைக் கதவுப் பிரிட்ஜ் ட்ரொலியில் பாதி ஏற்றியபடி நடைபாதையில் நின்றது. கையுறையைக் கழற்றி அதன் மேல் வைத்தேன். அன்ரி வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தன் பையை எடுத்தா. நாங்கள் ரெயில் ஸ்டேசன் பக்கம் நடந்தோம். அந்தப் பிரிட்ஜை அவன் தனியே தூக்கட்டும்.