பூவாள் மாட்டிய குகை

நல்லூரில் சிவராஜின் தையல் யூனிட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு நண்பர்கள் நான்கு பேர் அங்கே கூடுவார்கள். ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, மாற்றி மாற்றிப் பேசி ஒரு கதையை வளர்ப்பது அவர்கள் விளையாட்டு. சிவராஜ் படைத்தலைவன், நதியா வைத்தியச்சி. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் ரோஸ்மேரி, பூவாள் என்ற வழிகாட்டிப் பெண். ஜெயபாரதி, மாயக்காரி வேழினி. வேழினியால் முடியாதது எதுவும் கிடையாது.

அன்று பூவாள் தனியாக வேழினியின் குகைக்குள் போனாள்.

"கதவு மூடிக்கிச்சு," என்றாள் ஜெயபாரதி, குரலைத் தாழ்த்தி.

"பூவாள் தீப்பந்தத்தத் தூக்கிட்டு ஓடுதா," என்றாள் ரோஸ்மேரி, தன் தெற்கத்திப் பேச்சில்.

"பந்தம் அணஞ்சுபோச்சு. காலும் நகரல."

"அப்போ கத்துதா."

"குரலே வரல. ரெண்டு பக்கமும் சுவரு நெருங்கி வருது. அவளுக்கு மூச்சு முட்டுது."

சிவராஜ் ரசித்துச் சிரித்தான். ரோஸ்மேரி ஸ்டூலின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். இரண்டு மாதத்துக்கு முன் கம்பெனியின் சரக்கு லிஃப்ட் பாதியில் நின்றுபோய், துணி மூட்டைகளுக்கு நடுவே முக்கால் மணி நேரம் இருட்டில் கிடந்தவள் அவள். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. விளையாட்டுதான், விளையாட்டுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். நிஜமாகவே குரல் வரவில்லை.

"இனி அவ வெளிய போகவே முடியாது."

ஸ்டூல் கவிழ ரோஸ்மேரி எழுந்தாள். பாதி இறக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே குனிந்து தெருவுக்கு ஓடினாள்.

ஜெயபாரதி பின்னாலேயே வந்தாள். "என்னாச்சு கண்ணு?"

"தொடாதீங்கக்கா!"

சுவரைப் பிடித்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் லிஃப்ட் கதையைச் சொன்னாள்.

ஜெயபாரதியின் முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது கண்ணு."

"தெரியாட்டா போகட்டும். ஆனா எம் பூவாள ஒண்ணுமே செய்ய விடலியேக்கா. மூச்சு முட்டுதுன்னு நீங்களே சொல்லுதிய. அத நான்லா சொல்லணும்?"

"ஆமா," என்றாள் ஜெயபாரதி. "வேழினிக்குச் சக்தி இருக்குதுன்னு உன் பங்கையும் நானே ஆடிட்டேன். இன்னிக்கு இதோட நிறுத்திக்கலாமா?"

"பூவாள அங்கனயே விட்டுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

இருவரும் திரும்பி வந்து ஷட்டரை முழுக்கத் தூக்கினார்கள். ரோஸ்மேரி வாசலை ஒட்டி உட்கார்ந்தாள். கால்கள் இன்னும் ஓடத் தயாராக இருந்தன.

"கதவு மூடப் பாக்குது," என்றாள் ஜெயபாரதி, குகைக் காட்சியை முதலிலிருந்து தொடங்கி. "பூவாள் என்ன பண்றா?"

"இடுக்குல கைத்தடிய... கைத்தடியச் சொருகுதா."

"வேழினி நெனச்சா அத ஒடச்சிருவா. ஒடைக்கட்டுமா?"

"வேண்டாம்."

"சரி. தடி நிக்குது. வேழினி மலையே அதிர்ற மாதிரி கத்தறா. அது பூவாளுக்கு எப்படி இருக்குது?"

"பயமாத்தான் இருக்கு," என்றாள் ரோஸ்மேரி. "ஆனா வெளிய வந்துட்டா."

யாரும் சிரிக்கவில்லை. ரோஸ்மேரி நதியாவின் பக்கம் திரும்பினாள்.

"அடுத்து நீங்க சொல்லுங்க நதியாக்கா," என்றாள்.