ஓரத்தில் சிவப்பு மை

அறுநூறு வருடங்களுக்கு முன் பெண் துறவியர் மடம் ஒன்றில் எழுதப்பட்ட பிரார்த்தனைப் புத்தகம் அது. அறுபத்திரண்டு தாள்கள், பன்னிரண்டு பிரார்த்தனைகள். பேராசிரியை அதைக் கரைத்துக் குடித்தவர். எந்தத் தாளில் பூச்சி அரித்திருக்கிறது, எந்தத் தாளில் மெழுகு சிந்தியிருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். வேலை, பதவி உயர்வு, பெயர் எல்லாம் அந்தப் புத்தகம் போட்ட பிச்சை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு.

ஒவ்வொரு பிரார்த்தனை முடியும் இடத்திலும் ஓரத்தில் சிவப்பு மையில் சில சொற்கள் இருந்தன. 'இடப்பக்கம்.' 'வலப்பக்கம்.' 'குதிகாலுக்கு எண்ணெய்.' 'முழங்கால்களுக்கு நடுவே துணி.' இருபத்தெட்டு வயதில் அவர் இதற்கு ஒரு விளக்கம் கண்டுபிடித்தார். இது ஒரு ரகசியச் சடங்கு. துறவி தன் உடலையே ஒரு கோயிலாக நினைத்து, மனத்துக்குள் அதை வலம் வருகிறாள். 'திரும்பும் உடல்' என்ற பெயரில் புத்தகம் வந்தது. துறையே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. முப்பது வருடமாக அந்தப் பாடத்தில் அவர் சொன்னதுதான் சொல்.

ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படிகள் வந்தன. எழுத்துப்பிழை பார்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. அதே மாதத்தில்தான் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போயிற்று. தங்கை மருத்துவமனையில் வார்டு நர்ஸ். யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பேராசிரியை சனி ஞாயிறுகளில் பழம் வாங்கிக்கொண்டு போவார். அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். பத்து நிமிடத்தில் அந்தக் கை தானாகப் பைக்குள் போய் அச்சுப்படியை எடுத்துவிடும். தங்கை பார்த்துவிட்டு அப்பாவின் போர்வையைச் சரிசெய்வாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தங்கை சாப்பாட்டு மேசையைத் துடைக்க வந்தாள். பரப்பிக் கிடந்த தாள்களை ஒதுக்கும்போது ஒரு பக்கத்தில் அவள் கை நின்றது. பக்கத்தின் கீழே மொழிபெயர்ப்போடு அச்சாகியிருந்த ஓரக்குறிப்புகளை நின்றபடியே படித்தாள்.

"அக்கா, இவங்க எத்தனை நாளா படுக்கையில இருக்காங்க?"

"யாரு?"

"இதுல படுத்திருக்கறவங்க."

"யாரும் படுத்திருக்கலைடி. அது தியானம். உள்முகமா திரும்பறதுன்னு அர்த்தம்."

தங்கை துணியைக் கீழே வைத்தாள். "இடப்பக்கம், வலப்பக்கம். குதிகாலுக்கு எண்ணெய். முட்டிக்கு நடுவுல துணி. அக்கா, இதையெல்லாம் நான் உள்ள அப்பாவுக்கு தினமும் செஞ்சுட்டிருக்கேன். படுக்கைப்புண் வராம இருக்கறதுக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும்."

"உனக்கு எல்லாமே வார்டுதான்" என்றார் பேராசிரியை. குரல் அவரே எதிர்பாராத அளவுக்குச் சூடாக வந்தது. "அப்ப நாலு கையெழுத்து எதுக்கு இருக்கு? மூணு மூணு பிரார்த்தனைக்கு ஒரு கையெழுத்து. நாலு ஞான மரபுன்னு ஒரு அத்தியாயமே எழுதியிருக்கேன்!"

தங்கை தயங்கினாள். அக்காவின் அடிமடியில் கை வைக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் வாயில் வந்ததை விழுங்க முடியவில்லை.

"ஷிஃப்ட்டு, அக்கா."

பேராசிரியை எழுந்து அப்பாவின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழவில்லை. மனம் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. பன்னிரண்டு பிரார்த்தனை. இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. ஒரு முழு நாள், நாலு பேர் முறை வைத்து. கடிகாரம் இல்லாத காலத்தில் நேரத்தை எதை வைத்து அளந்திருப்பார்கள்? ஒவ்வொரு வரியையும் மூன்று முறை சொல்லவேண்டும் என்று முதல் தாளிலேயே எழுதியிருக்கிறது. அதற்கும் அவர் ஏதோ தத்துவம் சொல்லியிருந்தார். ஒரு நாளாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கட்டிலில் வைத்துவிட்டு முதல் பிரார்த்தனையைச் சொல்லத் தொடங்கினார். நிதானமாக, வரிக்கு மூன்று தடவை. அப்பாவுக்கு அந்தப் பழைய மொழி ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் மகள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அப்பாவின் இடது கை அசைந்தது. "ம்ம்... சொ... சொல்லு" என்றார். பேராசிரியை மேலே சொன்னார். முடிந்தபோது ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

கதவைத் திறந்தார். தங்கை வெளியிலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்பா ஏதாவது சொல்லிட்டனாக்கா?"

"எப்படித் திருப்பறதுன்னு சொல்லிக் குடு" என்றார் பேராசிரியை.

தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். முதல் தடவை அப்பாவின் காலைத் தலையணையில் இடித்துவிட்டார். "போராசிரியை" என்று அப்பா குழறினார். அது குழறலா கிண்டலா என்று தெரியாமல் மூவரும் சிரித்தார்கள்.

மறுநாள் பதிப்பகத்துக்கு போன் செய்து அச்சை நிறுத்தச் சொன்னார். பதிப்பாசிரியர் பதறிப்போனார். "மேடம், நாலு எழுத்துப்பிழைதானே திருத்தணும்னு சொன்னீங்க!"

"பிழை நாலு எழுத்துல இல்லைங்க. புத்தகம் முழுக்க இருக்கு."

மூன்று மாதம் விடுப்புப் போட்டுத் தங்கை வீட்டிலேயே தங்கினார். பகல் முறை அவருக்கு, மற்றது தங்கைக்கும் அவள் கணவருக்கும். இடையிடையே புதிய கட்டுரை வளர்ந்தது. ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் இரண்டு பெயர்களைப் பார்த்துத் தங்கை கையை உதறினாள்.

"என் பேரு எதுக்கு? நான் ஒரே ஒரு வார்த்தைதானே சொன்னேன்?"

"முப்பது வருஷத்துல அந்த ஒரு வார்த்தை எனக்கு வரலையேடி."

கருத்தரங்கில் அவர் தன் புத்தகத்தைத் தானே வரிவரியாக மறுத்தபோது அரங்கில் பலர் கையிலிருந்த பழைய பதிப்பைப் புரட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு பேராசிரியர் எழுந்து, "இது வெறும் ஊகம். குதிகால் என்பது தாழ்மையின் குறியீடாகவும் இருக்கலாமே?" என்றார். தங்கை மைக்கை வாங்கினாள். "இருக்கலாம் சார். ஆனா படுத்தே இருக்கறவங்களுக்குக் குதிகால்லதான் முதல்ல தோல் உரியும். எங்க வார்டுல யாரை வேணும்னாலும் கேளுங்க." யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். ஒரு பத்திரிகை, 'தன் மாளிகையைத் தானே இடித்தவர்' என்று எழுதியது. அன்று முழுக்க அவருக்கு மனசு சரியில்லை என்பதும் உண்மை.

கட்டுரை அச்சாகி வந்ததும் அதை அப்பாவின் மடியில் விரித்து வைத்து, சிவப்புக் குறிப்புகளின் படத்தைக் காட்டி விளக்கினார். அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கை விரலைப் படத்தின்மேல் வைத்து, "யா... யாரு?" என்றார்.

நான்கு பேர் எழுதினார்கள் என்பது தெரியும். படுத்திருந்தது யார்? பேராசிரியை அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை.

அடுத்த வாரமே ஆவணக்காப்பகத்தில் அந்த மடத்தின் இறப்புப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். பல காலமாக யாரும் தொடாத கட்டு. அவிழ்த்தால் தும்மல்தான் முதலில் வந்தது. நான்காவது நாள் காலை ஒரு பக்கத்தில் கண் நின்றது. அதே நால்வரில் ஒருத்தியின் கையெழுத்து. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து தங்கைக்கு போன் போட்டார்.

"கிடைச்சிருச்சுடி. மடத்துல துணி துவைக்கிறவங்களாம். துறவிகூட இல்லை. ஒரு வரிதான் இருக்கு. படிக்கட்டுமா?"

"படிக்கா."

"'பதினோரு மாதம் எங்களிடையே படுத்திருந்தாள். உடம்பில் ஒரு புண் இல்லாமல் போனாள்.'"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பதினோரு மாசமா? ஒரு புண்ணுகூட இல்லாமயா? எவ்வளவு நல்லா பார்த்திருக்காங்கக்கா!" என்றாள் தங்கை. "இரு, அப்பாகிட்ட சொல்லிட்டு வர்றேன். அவர்தானே கேட்டாரு."