காணாமல் போன கழலை

செத்தவர்களுக்குக் கண் திறந்து வைப்பதுதான் என் தொழில். கேட்டவுடனே பயப்பட வேண்டாம், நான் மந்திரவாதி இல்லை. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு ஸ்டூடியோவில் டச்சப் ஆர்ட்டிஸ்ட். பெயர் தெய்வசிகாமணி. எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கிழடுகட்டைகள் உயிரோடு இருக்கும்வரை போட்டோவுக்கு நிற்க மாட்டார்கள். படம் எடுத்தால் ஆயுசு குறைந்துவிடுமாம். செத்த பிறகு அந்தக் கவலை இல்லையே, உடனே வீட்டார் ஆள் அனுப்பிவிடுவார்கள். பிணத்தை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து முதலாளி ஒரு படம் எடுப்பார். பிரிண்ட் போட்டதும் வேலை என் கைக்கு வரும். தாடையை இறுக்கிய நாடிக்கட்டை அழிப்பேன், மூக்குப் பஞ்சை எடுப்பேன், நெற்றிக்காசு இருந்த இடத்தில் திருநீறு பூசுவேன். கடைசியாகக் கண் இரண்டையும் திறப்பேன்.

அதோடு விடுகிறார்களா? ஆயுள் முழுக்கக் கோவணத்தோடு ஏர் ஓட்டிய மனிதருக்குக் கோட்டு வேண்டும் என்பார்கள், கைக்கடிகாரம் வேண்டும் என்பார்கள். அம்மைத் தழும்பை எடு, கறுப்பைக் கொஞ்சம் குறை, கிழவிக்குக் கல்லு வைத்த தோடு போடு. பதினாலு வருஷம் இதையே செய்ததில் என் கைக்குத் தனியாக ஒரு புத்தி வந்துவிட்டது. யார் முகத்தைப் பார்த்தாலும் இதில் எதை எடுக்கலாம், எதைப் போடலாம் என்றுதான் முதலில் தோன்றும்.

இதனால் எனக்குப் பெண் கிடைக்கவில்லை. முப்பத்துமூன்று வயது. நான் சைக்கிளில் ஒரு தெருவுக்குள் நுழைந்தால் போதும், யார் வீட்டில் என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை எனக்கு வராது. பெண் பார்க்கப் போன ஐந்து இடத்திலும் காப்பி கொடுத்தார்கள், தொழிலைக் கேட்டார்கள், கொடுத்த காப்பியைக் குடித்து முடிக்கும்வரை கூடப் பொறுக்கவில்லை. ஒரு மாமியார் ஆகவேண்டியவள், நான் அவள் கணவனையே உற்று உற்றுப் பார்க்கிறேன் என்று சொல்லிச் சண்டைக்கே வந்தாள். அந்த மனிதரின் மூக்கு லேசாகக் கோணல். நான் என்ன செய்ய முடியும்?

டாக்டர் ராஜாங்கம் ஸ்டூடியோவுக்கு வந்தது இந்த நிலைமையில்தான். அறுவை சிகிச்சை டாக்டர், சொந்த ஊர் திருக்கோவிலூர். அவருடைய அப்பா செத்தபோது நான்தான் கண் திறந்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து அவர் அம்மா, மனுஷன் திட்டுவதற்கு வாயெடுத்த மாதிரியே இருக்கிறது என்று அழுதாளாம். டாக்டர் விஷயத்துக்கு வந்தார். கல்வராயன் மலையில் கழுத்துக் கழலை அதிகம், அதைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு புத்தகம் எழுதுகிறார், அதற்குக் கையால் வரைந்த படங்கள் வேண்டும். போட்டோவில் தோலும் நிழலும் ஒன்றாகக் குழம்பிவிடுகிறதாம். படங்கள் சரியாக அமைந்தால், சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு பிரிவுக்கு ஆர்ட்டிஸ்ட் வேலை காலியாக இருக்கிறது, கடிதம் கொடுப்பேன் என்றார். அங்கே யாரைப் பார்த்து வரைய வேண்டும் என்று கேட்டேன். பெரும்பாலும் பிணத்தை என்றார்.

அதாவது, கள்ளக்குறிச்சியில் பிணத்தை வரைந்தால் தரித்திரம் பிடித்தவன். சென்னையில் அதே பிணத்தை வரைந்தால் அரசாங்க மாப்பிள்ளை. நான் அன்றைக்கே தூரிகைகளைக் கழுவிப் பெட்டியில் வைத்தேன். இந்த வேலை கிடைக்காவிட்டால் எனக்குக் கல்யாணம் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

கச்சிராயபாளையம் தாண்டி ஜீப்பில் மலை ஏறி, வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டோம். டாக்டருக்கு ஒரு வகுப்பறை, வராந்தாவில் எனக்கு ஒரு பெஞ்சு. முதல் நாள் முதல் ஆளாக வந்தவள் பெரியம்மாள். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஒரு இளநீர்க் காயை ஒட்டி வைத்த அளவுக்குக் கழலை. கருகமணிக் கயிறு அதன் மேலேறி உட்கார்ந்திருந்தது. பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். டாக்டருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை, புத்தகத்தின் முதல் படமே இதுதான் என்றார்.

மூன்று மணி நேரம் வரைந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளைப் பார்த்துத்தான் வரைந்தேன். டாக்டர் வந்து படத்தைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“இந்தம்மாவுக்கு என்ன வியாதி, தெய்வசிகாமணி?”

“ஒண்ணும் இல்லீங்க சார். நல்லா இருக்காங்க.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். படத்தில் கழுத்து வாழைத்தண்டு மாதிரி வழவழவென்று இருந்தது. அதில் ஒரு ரெட்டை வடச் சங்கிலி. காதில் ஜிமிக்கி. கறுப்பில் இரண்டு பிடி கம்மி. கழலை போன இடம் தெரியவில்லை. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் குரலை உயர்த்தவில்லை. கழலையை எடுக்கத்தான் நான் பன்னிரண்டு வருஷம் படித்தேன், நீ எடுத்துவிட்டால் நான் எதற்கு என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

அடுத்த இரண்டு நாளில் ஆறு பேரை வரைந்தேன். ஆறு பேரும் குணமாகிவிட்டார்கள். கழலையைப் போட்டே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு முதலிலேயே அதை வரைந்து பார்த்தேன். வரைந்ததைச் சுற்றி என் கை மெதுவாக ஒரு சால்வையைப் போர்த்திவிட்டது.

இதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. பெரியம்மாள் முதல் நாளே அந்தப் படத்தை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, எனக்கு ஆபரேசன் ஆயிடுச்சி, நான் வூட்டுக்குப் போறேன் என்று கிளம்பிவிட்டாள். கத்தி இல்லை, ரத்தம் இல்லை, மூன்று மணி நேரத்தில் கழுத்து சரியான கதை மலை முழுக்கப் பரவியது. நாலாம் நாள் காலையில் டாக்டர் அறை வாசலில் இரண்டு பேர். என் பெஞ்சு முன்னால் முப்பது பேர். ஒருவர் தன் கழலையோடு மனைவியின் மாறுகண்ணையும் சேர்த்து எடுத்துவிடச் சொன்னார். நர்ஸ் அம்சவள்ளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அவள் கையில் ஊசி இருந்ததால் நான் தள்ளியே நின்றேன். இன்னும் இரண்டு நாள் பார்ப்பேன், இல்லையென்றால் ஜீப்பில் ஏற்றிக் கீழே அனுப்பிவிடுவேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அரசாங்க வேலையும் அந்த ஜீப்பிலேயே என்னோடு இறங்கிப் போகும் என்று எனக்குப் புரிந்தது. அழுகை வந்தது. அழுதேன்.

ஐந்தாம் நாள் காலை, பெரியம்மாளின் கணவன் வேடியப்பன் வந்தான். ஒல்லியான ஆள், தோளில் கொடுவாள், கையில் என் படம். பின்னாலேயே பெரியம்மாளும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரையும் விலக்கிக்கொண்டு வந்து படத்தை என் மூஞ்சிக்கு நேராக நீட்டினான்.

“இது யாருங்க?”

உன் மனைவிதான் என்றேன்.

“என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா? இருவது வருசமா பாத்துக்கினு இருக்கறேன். இவ யாரோ சங்கிலி போட்டவ. இவள செவுத்துல மாட்டி வெச்சிக்கினு ஒரே வூட்ல நான் எப்பிடிங்க இருக்கறது? ஊருல இன்னா சொல்லுவாங்க?”

கோபத்தைவிட அவன் கூச்சம்தான் அதிகமாகத் தெரிந்தது. நாலு நாளாக அந்தப் படத்துக்கு முன்னால் அவன் சட்டை மாற்றவில்லையாம், பெரியம்மாள் சொன்னாள். படத்தைக் கிழித்துப் போடேன் என்றேன். ஒரு பொம்பளை உருவத்தைக் கிழிக்க மனசு வரவில்லை என்றான். அவளை எங்கிருந்து கொண்டுவந்தேனோ அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டுத் தன் மனைவியைப் போட்டுத் தரவேண்டும், அதுவரைக்கும் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன் என்று கொடுவாளைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

புதுத் தாள் எடுத்தேன். பெரியம்மாள் முன்னால் உட்கார்ந்தாள். கோடு போட ஆரம்பித்ததும் என் கை வழக்கம்போல் கழுத்தைச் செதுக்கப் போனது. வேடியப்பன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அங்கே இல்லை, இன்னும் வெளியே போ என்றான். இரண்டு பக்கமும் ஒரே அளவு இல்லை, இடது பக்கம்தான் பெரிசு, அதற்கு மேல் ஒரு சின்ன மேடு தனியாக இருக்கும் என்றான். நான் பார்த்தேன், இருந்தது. அதன் குறுக்கே ஒரு நரம்பு ஓடும், வெயிலில் விறகு சுமந்துகொண்டு வந்தால் புடைத்துத் தெரியும் என்றான். அதையும் பார்த்தேன். சங்கிலி போடப் போன என் விரலை அவனே தட்டிவிட்டான், அவளுக்கு ஏது சங்கிலி, கருகமணியைப் போடு, அது எந்த இடத்தில் அழுந்தித் தடம் விழுந்திருக்கிறது என்று பாரு. அந்தத் தடம் எனக்கு அதுவரை கண்ணில் படவே இல்லை. பதினாலு வருஷம் எத்தனையோ முகத்தை வரைந்தேன், ஒரு முகத்தையும் பார்த்ததில்லை என்று அந்தப் பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்து எங்கள் பின்னால் நின்றார். வேடியப்பன் அவரைக் கவனிக்கவில்லை.

“கஞ்சி குடிச்சா அது மேல ஏறி எறங்கும். ஒரு வாய் முழுங்கச் சொல்லிப் பாருங்க, அப்பத்தான் அதோட அடி எங்க முடியுதுன்னு தெரியும்.”

டாக்டர் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து பெரியம்மாளிடம் கொடுத்தார். அவள் விழுங்கினாள், கழலை ஏறி இறங்கியது. இதைத்தான் நான் மூன்றாம் வருஷ மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்துகிறேன் என்று என் காதோரம் சொன்னார். மதியத்துக்குள் படம் முடிந்தது. வேடியப்பன் அதைத் தூரத்தில் பிடித்தான், கிட்டத்தில் பிடித்தான். “வந்துட்டா” என்றான்.

டாக்டர் சமயம் பார்த்து ஆபரேஷன் பேச்சை எடுத்தார். கழலை மூச்சுக்குழாயை ஒரு பக்கமாகத் தள்ளி நெருக்குகிறது, இப்படியே விட்டால் ஒரு நாள் மூச்சு நின்றுவிடும் என்றார். இதே பேச்சை முன்னால் இரண்டு முறை அம்சவள்ளியை வீட்டுக்கு அனுப்பிச் சொல்லியும் வேடியப்பன் ஒத்துக்கொண்டதில்லை. இப்போது படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இது என் வீட்டில் இருக்குமா என்று கேட்டான். புத்தகத்துக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்றேன். அப்படியானால் சரி, அதுதான் படத்தில் இருக்கிறதே, அவள் கழுத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். பெரியம்மாளும் தலையை ஆட்டினாள்.

அதற்குப் பிறகு மலையில் இதுவே சட்டமாகிவிட்டது. முதலில் என் பெஞ்சு, பிறகுதான் டாக்டர். கழலை உள்ளபடி படத்தில் ஏறி, வீட்டார் நாலு பேர் பார்த்துச் சரி என்றால்தான் கத்தியைக் கழுத்தில் வைக்க விடுவார்கள். ஒரு மேடு, ஒரு நரம்பு குறைந்தாலும் திருப்பி அனுப்பினார்கள். இருபத்துமூன்று கழலை வரைந்தேன். எந்தக் கல்லூரியிலும் எனக்கு இவ்வளவு கறாரான வாத்தியார்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். பெரியம்மாளுக்குக் கீழே ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, நிறுத்தாமல் பேசினாள், கொஞ்சம் ஜாஸ்தியாகவே பேசினாள்.

டாக்டர் கடிதம் கொடுத்தார். சென்னையில் வேலை கிடைத்தது. ஊருக்கு வந்ததும் தரகர் பச்சமுத்து தானாகவே வீடு தேடி வந்தார். மணலூர்பேட்டையில் கரும்பு விவசாயம் செய்கிற குடும்பம், பெண் பெயர் செவ்வந்தி. முதல் முறையாகக் காப்பியை முழுசாகக் குடித்தேன். என்ன வேலை என்றார் பெண்ணின் அப்பா. மருத்துவக் கல்லூரியில் பிணம் வரைகிறேன் என்றேன். பென்ஷன் உண்டா என்றார். உண்டு என்றேன். எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. தாம்பூலத் தட்டைக் கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்போது பச்சமுத்துவுக்கு ஏன்தான் அப்படிப் புத்தி போனதோ, மாப்பிள்ளை கையால் பெண்ணை ஒரு படம் வரையட்டுமே என்று கிளப்பிவிட்டார். செவ்வந்தி எதிரில் உட்கார்ந்தாள். கட்டம் போட்ட நோட்டுத் தாளும் பென்சிலும் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிடித்திருந்தது எனக்கு அவளை. ரொம்பவே பிடித்திருந்தது. அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்தேன், பார்த்ததை வரைந்தேன்.

படம் கூடத்தைச் சுற்றி வந்தது. இடது புருவத்தின் மேல் வெட்டுத்தழும்பு, அம்மை போட்ட மூன்று குழி, முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியது, காது இரண்டும் இருக்கிற அளவுக்கு. பெண்ணின் அம்மா படத்தைக் கவிழ்த்து வைத்தாள். அப்பா தாம்பூலத் தட்டை எட்டி எடுத்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு ஜிமிக்கி போட்டிருந்தால் பாதிக் காது மறைந்திருக்கும், அந்த வித்தை என் கையில் இல்லாமலா போய்விட்டது?

செவ்வந்தி எழுந்து வந்து கவிழ்த்த படத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“எல்லாம் சரி. என் காது இவ்ளோ பெருசா இல்ல.”

தலையை ஆட்டிவிட்டிருக்கலாம். பச்சமுத்து என் தொடையைக் கிள்ளினார். நான் பென்சிலை நீட்டி மறுபடியும் ஒரு அளவு பார்த்தேன்.

“இருக்குதுங்க” என்றேன்.

அவள் படத்தோடு உள்ளே போய்விட்டாள். உள்ளே பீரோக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது, கண்ணாடி அதில்தான் இருக்கும் போலிருக்கிறது. நான் செருப்பு எங்கே விட்டேன் என்று வாசலைப் பார்த்தேன். ரொம்ப நேரம் ஆனது. திரும்பி வந்தவள் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தாள்.

“இருக்குதுப்பா. தட்ட மாத்துங்க.”