வேலிக்கு இரு புறமும்

அபிலீன் நகரத்தில் புயலுக்கு மறுநாள் கேட்பது ஒரே ஓசைதான்: மரம் அறுக்கும் இயந்திர வாளின் உறுமல். கூரை போனவன் கூரையைப் பார்த்து அழுவான்; கூரை தப்பியவன் மரத்தைப் பார்த்து அஞ்சுவான். காற்றைத் தண்டிக்க முடியாத மனிதன் மரத்தைத் தண்டிப்பான். வயதான மரங்களைப் பேணுவதே தொழிலாகக் கொண்ட வெர்னா ஸ்டக்கி, ஒரு வாரமாக அந்த அச்சங்களுக்கெல்லாம் கயிறு கட்டி ஏறி இறங்கியிருந்தாள். தோள்கள் இரண்டும் தன்னுடையவைதாமா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அன்று அவளை அழைத்தவர் ராய்ஸ் டிட்வெல். அண்டை வீட்டில் நின்ற பீக்கன் என்னும் பெரிய கொட்டை மரத்தின் கிளை ஒன்று முறிந்து அவருடைய கார்க் கொட்டகையை நசுக்கியிருந்தது.

"வேலிக்கு இந்தப் பக்கம் நீட்டிட்டு இருக்கறதெல்லாம் நான் வெட்டலாம்மா. சட்டமே சொல்லுது. ஒண்ணு விடாம அடியோட எடுங்க."

வெர்னா அண்ணாந்து பார்த்தாள். புயல் வருவது மேற்கிலிருந்து, அதாவது ராய்ஸின் பக்கத்திலிருந்து. அந்தப் பக்கத்துக் கிளைகள் போய்விட்டால் மரத்தின் பாரமெல்லாம் கிழக்கே தொங்கும். காற்றும் அதே திசையில் தள்ளும். கிழக்கே இருந்தது மரத்துக்குச் சொந்தக்காரியான ஒஃபெலியா பாரியன்டோஸின் படுக்கையறை.

"சட்டம் வேலியோட நின்னுடும் ராய்ஸ். காத்து நிக்காது. மரம் அவங்க கட்டில்ல போய் விழும்."

"அது அவங்க தலைவலி."

"தலைவலி இல்ல, தலையே போயிடும்."

"அப்ப நீங்க வேணாம் விடுங்க. தெருமுனைல மரம் வெட்டற லாரி நிக்குது. கால்ல ஆணிச் செருப்பு மாட்டிக்கிட்டு ஏறுற பசங்க. மத்தியானத்துக்குள்ள மொட்டையடிச்சுட்டுப் போயிடுவானுங்க."

அது வெறும் மிரட்டல் அன்று. சென்ற கோடையில் ஓர் எல்ம் மரத்தை மொட்டையடிக்க மறுத்து, வீட்டுக்காரரிடம் நீண்டதொரு சொற்பொழிவும் ஆற்றிவிட்டு, தலை நிமிர்ந்து வீடு திரும்பியவள் வெர்னா. மறுவாரம் அவ்வழியே போனபோது எல்ம் கைவெட்டப்பட்ட சிப்பாயைப் போல நின்றது. மறுத்ததால் அவளுடைய மானம் பிழைத்தது, மரம் பிழைக்கவில்லை. இன்று மறுக்கவும் தெம்பில்லை, இணங்கவும் மனமில்லை.

வேலியைச் சுற்றிப் போய் ஒஃபெலியாவின் கதவைத் தட்டினாள். மருத்துவமனைச் சலவைக் கூடத்தில் இரவு வேலை பார்ப்பவர் ஒஃபெலியா, பகலில்தான் உறங்குவார். சிவந்த கண்களோடு வந்தார்.

"ஒரு இலை மேல கை வைக்கக் கூடாது. ஜூலை மாசம் பட்டப்பகல்ல தூங்கிப் பாத்திருக்கியா நீ? இந்த நெழல் இல்லேன்னா எனக்குத் தூக்கமே இல்ல. அவன் வெட்டட்டும், போலீஸக் கூப்பிடறேன்."

"போலீஸ் வேலிய அளந்து பாத்துட்டு, அவர் செஞ்சது சரின்னு சொல்லிட்டுப் போயிடும்மா. ஒரு பக்கம் மட்டும் வெட்டினா சாயும். ரெண்டு பக்கமும் கிளை நுனிய மட்டும் சமமாக் குறைச்சா நிக்கும். உங்க பக்கமும் வெட்ட விடுங்க."

"நெழல்?"

"கொஞ்சம் போகும்."

"போகாதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்கும் தெம்பு வேணுமே."

ஒஃபெலியா சிரிக்கவில்லை. வீட்டுச் செருப்போடு வேலியோரம் போய் நின்றார். அந்த வேலிக்கு அப்பால் அவர் பேசிப் பல காலம் ஆகியிருந்தது.

"ராய்ஸ்! என் பக்கமும் வெட்டச் சொல்றா இவ. உனக்குச் சம்மதமா?"

"உன் பக்கம் வெட்ட என் சம்மதம் எதுக்கு?"

"உன் பக்கத்துல மிச்சம் வைக்கறதுக்கு!"

ராய்ஸ் நசுங்கிய கொட்டகையைப் பார்த்தார். "மறுபடியும் ஒரு கிளை விழுந்தா?"

"விரிசல் விட்டத எடுத்துடறேன், மத்ததுல பாரத்தைக் குறைக்கிறேன்" என்றாள் வெர்னா. "விழவே விழாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பண்றவன்கிட்ட மரத்தக் குடுக்காதீங்க."

மேற்கே மேகம் கருத்துக்கொண்டிருந்தது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "ஏறும்மா, ஏறு."

ஏறினாள். இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. கிளை பிரியும் இடம் பார்த்து, மரம் தானே மூடிக்கொள்ளக்கூடிய சிறு காயங்களாக. கயிற்றில் தொங்கியபடி இருமுறை கண் மூடினாள். இறங்கியதும் மண்ணில் இரும்புக் கம்பியைக் குத்தினாள். செங்கல்லில் குத்தியது போல் அது துள்ளியது.

"இந்த வறட்சில நகராட்சி தண்ணி விட அனுமதிக்கற நாள்ல குழாய மெதுவாத் திறந்து விடுங்க. புல்லுக்கு இல்ல, மரத்துக்கு. ரெண்டு பேருமே. வேர் ரெண்டு வீட்லயும் இருக்கு."



அந்த வாரக் கடைசியில் புயல் வந்தது. மறுநாள் காலை வெர்னா அத்தெருவுக்கு வந்தபோது மரம் நின்றது. இரு கொல்லைகளிலும் இலைக் குப்பை. ராய்ஸின் வாசலில் அந்த லாரி. ஆணிச் செருப்புக்காரன் ஒருவன் மரத்தைக் காட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

"அந்த மரமா? அது அந்தம்மாவோடது" என்றார் ராய்ஸ். "அவங்க இப்பத்தான் படுத்திருக்காங்க. கதவைத் தட்டிப் பாரு, அப்புறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அவருடைய வேலியோரத்தில் ஒரு குழாய் மரத்தின் வேர்ப்பக்கமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வெர்னா வண்டியின் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்தாள். சிரிக்க வேண்டும் போலிருந்தது, முகம் ஒத்துழைக்கவில்லை. லாரி அடுத்த தெருவுக்குத் திரும்பியது. சற்று நேரத்தில் அங்கிருந்து வாளின் உறுமல் எழுந்தது.

வெர்னா பெருமூச்சோடு வண்டியைக் கிளப்பினாள், அந்தத் தெருப் பக்கமாக.