மெத்தைக் கடையில் ஒரு குறட்டை

எங்கள் மெத்தைக் கடையில் விற்பனைக்கு மூன்று பேர். மருமகன் பேசுவார், நான் தலையாட்டுவேன், சப்பை தூங்கும். வியாபாரம் முழுக்க சப்பையால்தான் நடந்தது என்று சொன்னால் மருமகன் மனம் நோகும். அதனால் முக்கால்வாசி என்று வைத்துக்கொள்வோம்.

சப்பை என்பது நாய். யாரோ அவசரத்தில் கதவைச் சாத்த, அதன் மேல் மோதி நின்றது போன்ற முகம். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு மடிப்பு, அதற்குள் எங்கேயோ மூக்கு. மகள் அதைத் தூக்கி வந்த அன்று, "என்னம்மா இது, அமுங்கிப்போன தலையணைக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. அது சொன்னது, தூங்கிப்போய்.

எனக்குக் கூட்டிச் சொல்லும் பழக்கம் கிடையாது. சப்பை மூச்சை இழுத்தால் வாசல் திரை உள்ளே வரும், விட்டால் வெளியே போகும். திரையோடு சேர்ந்து தெருவில் போனவர்கள் சிலரும் உள்ளே வந்துவிட்டார்கள். வந்தவர்களை மருமகன் விடவில்லை. கண்ணாடி ஓரம் போட்டிருந்த ஸ்பிரிங் மெத்தையில் சப்பை மல்லாந்து கிடக்கும். பார்த்தவருக்குக் கொட்டாவி வரும். கொட்டாவி விட்டவரை உட்காரச் சொல்வோம், உட்கார்ந்தவரைச் சாயச் சொல்வோம். அப்புறம் பில் போட வேண்டியதுதான்.

கல்யாணம் ஆனதிலிருந்து தூக்கம் என்றால் என்னவென்றே தெரியாது என்று சொன்ன ஓர் அம்மாள், சப்பைக்குப் பக்கத்து மெத்தையில் சும்மா படுத்துப் பார்த்தார். அவரைத் தேடி வந்த வீட்டுக்காரர் எழுப்ப மனமில்லாமல் ஓரமாக உட்கார்ந்தார். கடை சாத்தும் நேரத்தில் இருவரையும் மெத்தையோடு வண்டியில் ஏற்றி, வீட்டில் இறக்கிவிட்டு வந்தோம்.

எதிர்க்கடைக்காரருக்கு வயிறு எரிந்தது. அவரும் ஒரு நாய் வாங்கினார். ஒல்லியான வேட்டை நாய். மெத்தையில் ஏற்றியதும் அது தலையணையைக் கவ்விக்கொண்டு ஓடியது. இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் கேள்வி.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் குறட்டை பாதியில் நின்றது. உள்ளே வந்த திரை வெளியே போகவில்லை. மருமகன்கூடப் பேச்சை நிறுத்தினார். சப்பை காற்றில் கால்களை உதறியது. நாக்கு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. கல்லாவில் இருந்த மகள் ஓடி வந்து அதை நிமிர்த்திப் பிடித்துக் கழுத்தை நீட்டிவிட்டாள். பெரிய இழுப்போடு மூச்சு திரும்பியது. சப்பை எங்களை எல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மகளின் முழங்கையில் முகத்தை வைத்துக்கொண்டது. அன்றைக்கு நான் யாரிடமும் கதை அளக்கவில்லை.

மிருக டாக்டரம்மா விளக்கைப் பிடித்து மூக்கையும் தொண்டையையும் பார்த்தார். மூக்குத் துளை ஊசித் துளை மாதிரி இருக்கிறது, உள்நாக்குப் பக்கம் சதை தொங்குகிறது, இரண்டையும் வெட்டிச் சரி செய்ய வேண்டும் என்றார்.

"நல்லாதானே டாக்டர் தூங்குது? குறட்டை கடைத்தெருவுக்கே கேக்குமே" என்றார் மருமகன்.

"அது குறட்டை இல்லைங்க. ஒவ்வொரு மூச்சுக்கும் அது போடுற சண்டை."

கடைக்குத் திரும்பியதும் மருமகன் ஒரு யோசனை சொன்னார். கெட்ட மனிதர் இல்லை, வியாபாரி. ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும், ஆனால் கல்யாண சீசன் தொடங்கப்போகிறது, கூட்டம் வரும் நேரத்தில் குறட்டை இல்லாவிட்டால் என்ன ஆவது, சீசன் முடியட்டுமே என்றார். என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே தெளிவில்லை.

மகள் சண்டை போடவில்லை. இழுப்பறையைத் திறந்து, மெத்தை விரிப்புக்குப் போடும் கிளிப் ஒன்றை எடுத்தாள்.

"இதை மூக்குல மாட்டிக்குங்க. வாயையும் இறுக்கிக்கிட்டு ஓரமா மட்டும் மூச்சு விடுங்க. சீசன் முடியற வரைக்கும் வேணாம். மாடிக் குடோன்லேர்ந்து ஒரே ஒரு மெத்தையை இறக்கிட்டு வாங்க."

மருமகன் ரோஷக்காரர். மாட்டிக்கொண்டு ஏறினார். மேலே ஏதோ உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து முதலில் மெத்தை மட்டும் படியில் வழுக்கி வந்தது. பின்னாலேயே அவர் வந்தார். முகம் பழுத்திருந்தது. கிளிப்பைப் பிடுங்கிவிட்டு அந்த மெத்தையிலேயே உட்கார்ந்து, வாயைப் பிளந்து காற்றைக் குடித்தார். சப்பை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அதே மாதிரி வாயைப் பிளந்தது. இரண்டும் ஒரே ராகம். மருமகன் வெகுநேரம் அதையே பார்த்தார்.

"மாமா, வண்டிய எடுங்க" என்றார்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. சப்பை இப்போது தூங்கினால் வயிறு மட்டும் ஏறி இறங்கும், சத்தம் இல்லை. முதல் முறையாகத் தெருக்கோடி வரை ஓடியது. திரும்பியும் ஓடி வந்தது, அதுதான் எங்களுக்கு ஆச்சரியம். ஆனால் வாசல் திரை அசையவில்லை. வந்தவர்கள் விலையைக் கேட்டார்கள், விழிப்போடு கேட்டார்கள், விழிப்போடு போனார்கள். விழித்திருப்பவனிடம் மெத்தை விற்பது, சாப்பிட்டு எழுந்தவனிடம் இலை விற்பது போல.

 மருமகன் சப்பைக்குக் கஞ்சியைத் தானே ஊட்டினார். அது எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. ஒரு மதியம், சாப்பாடு முடிந்து, கண்ணாடி ஓர மெத்தையில் கொஞ்சம் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது கடை நிறையக் கூட்டம். மருமகன் பில் போட்டுக்கொண்டிருந்தார். திரை வெளியே பறந்துகொண்டிருந்ததாக மகள் சொல்கிறாள், நான் பார்க்கவில்லை. மெத்தையின் கால்மாட்டில் சப்பை தூக்கம் கெட்ட முகத்தோடு என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. குறட்டை என்றால் என்னவென்று அதற்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து எனக்கு மதிய வேலை. சீசன் பாதியில் புண் ஆறிவிட்டதா என்று பார்க்க வந்த டாக்டரம்மா, சப்பையின் மூக்கைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் என் பக்கம் காது கொடுத்து நின்றாராம். நான் விழித்ததும், "பெரியவரே, நீங்களும் ஒரு நல்ல டாக்டர்கிட்ட மூக்கைக் காட்டிடுங்க" என்றார்.

"காட்டிடலாம் டாக்டர், சீசன் முடியட்டும்" என்றார் மருமகன்.

 மகள் இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்டது.