யாரைக் கேட்டு ஆரம்பித்தாய்?

மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஆய்வகத்துக்குள் நுழைந்தால், என் குடுவை இடம் மாறியிருந்தது. முப்பத்தேழு டிகிரி ஷேக்கரில் இருக்க வேண்டியது, பக்கத்து இருபத்தைந்தில் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது.

"நான்தான் மாத்தினேன் லுப்னா," என்றான் செந்தில்குமார். பக்கத்து மேசையில் ஆராய்ச்சி செய்பவன். முகத்தில் உபகாரம் செய்த பெருமை. "உன் போன் அடிச்சிக்கினே இருந்துச்சு, எடுத்தேன். உங்கம்மா. நாலு மணிக்கு பொண்ணு பார்க்க வர்றாங்களாம், சீக்கிரம் அனுப்புப்பான்னாங்க. சரி, உனக்கு நேரம் மிச்சமாவுமேன்னு..."

"எப்ப மாத்தின?"

"இருக்கும், ஒரு இருபது நிமிஷம்."

தலையில் அடித்துக்கொண்டேன். வேறென்ன செய்ய? செல்லுக்குள் டி.என்.ஏ. நகலெடுப்பு தொடங்க இரண்டு புரதங்கள் ஜோடி சேர்ந்து வேலை செய்ய வேண்டும். இந்த ஈஸ்டில் அவற்றில் ஒன்று சூட்டில் முடங்கிவிடும். முப்பத்தேழில் வைத்தால் எல்லா செல்களும் வாசலிலேயே நிற்கும். இருபத்தைந்துக்கு இறக்கினால் ஒன்றாகக் கிளம்பும். ஜோடி தன் வேலையை முடித்ததும் அடுத்த புரதம் எந்த நிமிடத்தில் வந்து ஒட்டுகிறது என்பதுதான் என் ஐந்து வருட உழைப்பு. அந்த நிமிடம் தொழுகைக்குள் போய்விட்டது. கிளம்பிய செல்லைத் திரும்பக் கூப்பிட முடியாது.

நாளைக் காலை என் ஆய்வு வழிகாட்டி மோகனா மேடம் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். இந்த முடிவு இல்லாமல் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாமல் பட்டம் இல்லை. ஆம்பூரிலிருந்து வேலூருக்கு என்னை இன்னொரு வருடம் அனுப்புவார்கள் என்று நம்ப எனக்கென்ன பைத்தியமா?

"யாரைக் கேட்டு ஆரம்பிச்ச?" என்று கத்தினேன்.

"உதவிதானே பண்ணேன், இதுக்குப் போய் பேஜார் பண்றியே," என்றான். அவனுக்கு நிஜமாகவே வருத்தம். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மிச்சமிருந்த ஈஸ்டைப் புதுக் குடுவையில் ஊற்றி முப்பத்தேழில் வைத்தேன். அவை வாசலுக்கு வந்து சேரவே மூன்று மணி நேரம் ஆகும். நாலு மணிக்கு ஆம்பூரில் நிற்பதாவது! வீட்டுக்குப் போன் செய்யத் தைரியம் வராமல் ஷேக்கர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றரைக்கு அம்மாவே கூப்பிட்டாள்.

"அம்மி, இன்னிக்கு வர முடியாது. அவங்களை இன்னொரு நாள் வரச் சொல்லுங்க."

"சீக்கிரமே வந்துட்டாங்கடி. நல்ல மனுஷங்க. நீ வேலையா இருக்கேன்னேன், போட்டோவே போதும்னுட்டாங்க. பொண்ணுக்கும் சம்மதம்தான்னு நாங்களே சொல்லிட்டோம். உனக்கெதுக்கு சிரமம்? இப்பதான் இனிப்பு குடுத்தோம். ரமலானுக்கு முன்னாடியே நிக்காஹ்."

போனை ஷேக்கரின் மூடிமேல் வைத்தேன். உள்ளே குடுவை சுழன்றுகொண்டிருந்தது. அந்த அதிர்வில் போன் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. "லுப்னா? லைன்ல இருக்கியா?" என்று அம்மி கேட்டுக்கொண்டே இருந்தாள். கை நீட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.