பனிக்கு முந்திய விதை

மலைமுகட்டில் மேகம் கறுத்துவிட்டது. ராத்திரிக்குள் பனி விழும் என்று ஊரே சொல்கிறது. நானும் ஓரகத்தி ஹேமந்தியும் அரிவாளோடு என் கஞ்சா வயலுக்கு ஓடுகிறோம். கண்ணைச் சிமிட்ட வேண்டாம். எங்கள் பக்கம் அதன் விதையை வறுத்துத் துவையல் அரைப்போம், தண்டை உரித்துக் கயிறு திரிப்போம்.

மேலே உருளைக்கிழங்கு வயல் வரப்பிலிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இந்த வருஷமும் பனிக்குத்தான் விளைச்சலா? முத்தலேன்னா அந்த வயல்ல உருளைக்கிழங்குதான், சொல்லிட்டேன்!"

இமயமலையில் முன்சியாரிக்கும் மேலே இருக்கும் ஊர் எங்களுடையது. பள்ளத்தாக்கு நெட்டை ரகம் இங்கே ஆளுக்கு மேல் வளரும், பூக்க மட்டும் சோம்பல். விதை பால் பிடிக்கும்போதே பனி கருக்கிவிடும். மேய்ப்பர்கள் பட்டி போடும் மேட்டில் தானாக முளைக்கும் குட்டை ரகம் சீக்கிரம் பூத்துவிடும், ஆனால் விதை கடுகளவு. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தே தீருவது என்று எனக்கு ஒரு வெறி.

போன வருஷம் பூப்பு ஒன்றாக வரட்டும் என்று குட்டையை நாள் தள்ளி விதைத்தேன். கஞ்சாவில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. குட்டையின் ஆண் செடிகளை மொட்டிலேயே பிடுங்கிப் போட்டேன். நெட்டை ஆண்கள்தான் மாப்பிள்ளைகள். அவை விரிந்த அன்று நான் புல்லறுக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஒன்றுகூட நிற்கவில்லை. ஆண் செடி பூத்ததும் நாருக்காகப் பிடுங்குவது எங்கள் பெண்களின் கைப்பழக்கம். ஹேமந்தி எல்லாவற்றையும் கட்டி, ஓடையில் ஊறப்போட வரப்பில் சாத்தியிருந்தாள்.

"தீதி, உன் வேலையையும் சேத்து முடிச்சுட்டேன்!" என்று அக்கா உறவு கொண்டாடிச் சிரித்தாள்.

"வேலையை இல்லடி, என் குடியையே முடிச்சுட்டே!"

"ஆம்பளச் செடி பூத்தா புடுங்காம பூஜையா பண்ணுவாங்க?"

வந்த ஆத்திரத்தில் ஒரு செடிக்கட்டைத் தூக்கி அவள் மேலேயே வீசினேன். அவள் விலகிக்கொள்ள, அது குட்டைச் செடிகள் மேல் போய் விழுந்தது. மஞ்சள் மகரந்தம் புகையாக எழும்பியது.

"தீதி, இன்னும் உசிரு இருக்கு!"

அப்புறம் என்ன, ஆளுக்கொரு கட்டோடு பெண் செடிகளின் தலைமேல் உதறிக்கொண்டே நடந்தோம். தும்மித் தும்மிச் சிரித்தோம். காற்றை நம்பியிருந்தால் பாதிச் செடிக்குக்கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

அந்த விதையின் செடிகள்தான் இப்போது மார்பளவு நிற்கின்றன. ஒரு கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினேன். ஊதினேன். சாம்பல் நிறம், புள்ளி புள்ளியாக, நல்ல பருமன். பல்லில் வைத்துக் கடித்தேன். டக்கென்று உடைந்தது.

"முத்திருச்சுடி!"

ஹேமந்தியும் கடித்துப் பார்த்துக் கூச்சல் போட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. சத்தம் கேட்டு வீட்டுக்காரரும் இறங்கி வந்து அரிவாளை எடுத்தார். கடைசிக் கட்டை வீட்டுக்குள் இழுக்கும்போது முதல் பனி என் தலையில் விழுந்தது.

உள்ளே பாயில் அடித்துக் குவித்த விதையில் ஒரு பிடி எடுத்து வீட்டுக்காரர் மென்றார். பிறகு தொப்பியைக் கழற்றி என் முன்னால் நீட்டினார்.

"இது நிறையக் குடு. உருளைக்கிழங்கு வயல்லயும் இதையே போடலாம்."

"போடலாம்," என்றேன். "ஆனா ஆம்பளச் செடிய ஹேமந்திதான் புடுங்கணும்."